அத்தை கேட்ட நானோ மருந்து

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. தீசிஸ் ஆணி அவ்வளவு. திருச்சி அத்தை மட்டும் அந்த போட்டோவை அனுப்பாம இருந்திருந்தா இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன்.

வாட்ஸப்பில் வந்தது. ஏதோ ஒரு தமிழ்ப் பேப்பரின் உள்பக்கத் துணுக்கு. நடுக்குவாதத்துக்கு நானோ மருந்து, எலிகளிடம் வெற்றின்னு தலைப்பு. அத்தை பேனாவால் அதைச் சுத்தி வட்டம் போட்டிருந்தாங்க. வட்டம்னா வட்டமில்லை, கை நடுக்கத்துல முட்டை மாதிரி, நாலஞ்சு கோடு ஒண்ணுமேல ஒண்ணு. கூடவே ஒரு குரல் செய்தி: "இது நீ படிக்கறதுதானேடா கண்ணு? எப்ப கடைக்கு வரும்?"

அத்தைக்கு ஆறு வருஷமா பார்க்கின்சன். நான் இங்க ஃப்ராங்க்ஃபுர்ட்டில் மாஸ்டர்ஸ் பண்றது நானோ துகளில் மருந்தை வைத்து மூளைக்கு அனுப்புற விஷயத்துலதான். ஊர்ல எல்லாருக்கும் அது தெரியும். அதனாலதான் பதில் சொல்ல வரலை. "இன்னும் பத்து வருஷம் ஆகும் அத்தை"ன்னு சொல்லிடலாம். ஆனா அந்தப் பத்து வருஷத்தை எங்க துறையில் எத்தனை தடவை சொல்லியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். தீசிஸ் முதல் அத்தியாயத்துக்காகப் பழைய கட்டுரைகளா தோண்டிக்கிட்டிருக்கேன், அந்த வினைதான். அத்தைக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினதுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரையை மாத்திடாதீங்க.)

கொசுவத்தியை 1885 வரைக்கும் சுத்தணும். பெர்லினில் பால் எர்லிக்னு ஒரு இளம் டாக்டர், சரியான சாயப் பைத்தியம். ஜெர்மனியில் துணிச்சாயத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. வர்ற புதுச் சாயத்தையெல்லாம் பிராணிகளின் ரத்தத்தில் ஏத்தி, எந்த உறுப்பு எந்தக் கலர் ஆகுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார். பல சாயங்களுக்கு உடம்பு பூரா கலர் ஏறுச்சு, மூளையைத் தவிர. மூளைக்கு அந்தச் சாயத்தின்மேல ஒட்டுதல் இல்லைன்னு எர்லிக் விளக்கம் கொடுத்துட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டார். பின்னாடி 1908-ல் நோபல் பரிசு வாங்கி, செத்த பிறகு 200 மார்க் நோட்டில் முகம் வந்து, நான் இருக்கற இந்த ஊர்ல ஒரு தெருவுக்கே பேராகிட்ட மனுஷன். இந்த விஷயத்துல மட்டும் அவர் சொன்னது தப்பு.

தப்புன்னு காட்டினது அவர்கிட்டயே வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன். ட்ரிப்பான் நீலம்னு ஒரு சாயம். அதை ரத்தத்தில் ஏத்தினா உடம்பெல்லாம் நீலம், மூளையும் தண்டுவடமும் வெள்ளை. இது எர்லிக் பார்த்ததேதான். கோல்ட்மன் 1913-ல் அதைத் திருப்பிப் போட்டார். அதே சாயத்தை ரத்தத்துக்குப் பதிலா, மூளையைச் சுத்தி இருக்கற தண்டுவட நீரில் போட்டார். இப்ப மூளை நீலம், உடம்பு வெள்ளை. ஒட்டுதல்தான் பிரச்சினைன்னா இப்பவும் மூளை நீலமாகியிருக்கக் கூடாது. அப்ப நடுவுல ஏதோ ஒரு தடுப்பு இருக்கு. அவ்வளவு எளிமையான சோதனை. படிச்சப்ப பொறாமையா இருந்தது. அந்த வருஷமே அவர் இறந்தும் போயிட்டார்.

அந்தத் தடுப்புக்குப் பேர் கொடுத்து, அதைத் தன் வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்டவர் ஒரு பெண்மணி, லீனா ஸ்டெர்ன். பத்து பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன், எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு பேருக்குத்தான் இவரைத் தெரிஞ்சிருந்தது. 1878-ல் அப்போதைய ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படிக்க ஜெனீவா வந்து 1918-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். 1921-ல் பிரெஞ்சு மொழியில் இந்த இரத்த-மூளைத் தடைக்குப் பேர் வைத்தார். அவருக்கு அது வெறும் சுவர் இல்லை. எதை விடணும், எதை விடக்கூடாதுன்னு ஆள் பார்த்து அனுப்புற ஒரு வாசல். இந்தப் பார்வையைத் தயவுசெய்து ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

1925-ல் சோவியத் கனவை நம்பி மாஸ்கோவுக்குப் போனார். 1939-ல் சோவியத் அறிவியல் அகாதமியின் முதல் பெண் உறுப்பினர். காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கினா அந்தக் காலத்தில் குழந்தைகள் பிழைக்கறது கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகும் சிக்கல், ரத்தத்தில் ஏத்தினா அது மூளைப் பக்கம் சரியா போகாது. ஸ்டெர்ன் என்ன பண்ணார்? வாசல் திறக்கலைன்னா கொல்லைப்புறமா போவோம்னு, பின்மண்டைக்குக் கீழே ஊசி குத்தி மருந்தை நேரா தண்டுவட நீருக்குள்ள விட்டார். மூளைக்கு மருந்து அனுப்புறதைப் பத்தி எழுதற வரலாறெல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் நினைக்கறேன். ஆனா எங்க பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் 1990-களிலிருந்துதான் ஆரம்பிக்குது.

அப்புறம் என்ன ஆச்சு? 1949-ல் கைது. இரண்டாம் உலகப்போரின்போது யூத பாசிச எதிர்ப்புக் குழுவில் இருந்தது குத்தமாயிடுச்சு. எழுபது வயசுக்கு மேல சிறையில் விசாரணை. 1952 ஆகஸ்ட் 12 அன்று அந்த வழக்கில் 13 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. மரண தண்டனையிலிருந்து தப்பினவர் இவர் ஒருத்தர்தான். கசக்ஸ்தானுக்கு நாடு கடத்தினாங்க. 1953-ல் ஸ்டாலின் செத்த பிறகு திரும்பி வந்து மறுபடியும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். 1968-ல் இறந்தார். (எனக்கு கைடு ஒரு வாரம் மெயிலுக்குப் பதில் போடலைன்னாலே வாழ்க்கை வெறுத்துடுது. :-( )

அவர் இறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி அந்தத் தடுப்பைக் கண்ணாலேயே பார்த்துட்டாங்க. 1967-ல் ஹார்வர்டில் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் ஒரு நொதியை எலியின் ரத்தத்தில் ஏத்தி, அது எங்க போய் நிக்குதுன்னு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. உடம்பில் மத்த இடத்துல ரத்தத் தந்துகிகளின் சுவர் செல்களுக்கு நடுவில் இடுக்கு இருக்கும். மூளையில் அந்த இடுக்கு இல்லை. செல்லும் செல்லும் பெல்ட் போட்ட மாதிரி இறுக்கிப் பூட்டியிருக்கு. மனுஷ மூளையில் இருக்கற தந்துகிகளை எல்லாம் நீட்டி வைத்தால் 600 கிலோமீட்டருக்கு மேல வரும்னு கணக்கு. சென்னையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் குழாய் போட்டு, அத்தனை தூரமும் பொட்டு ஒழுக்கு இல்லாம மூட்டு போட்டிருக்கான். நம்மூர் குடிநீர் வாரியம் பார்க்கணும்.

அதே 1967-ல்தான் அத்தையோட மாத்திரையும் ஒரு வழியா ஜெயிச்சது.

அந்தக் கதை தனி. பார்க்கின்சன் வந்தவங்க மூளையில் டோப்பமின்ங்கற வேதிப்பொருள் தீர்ந்து போயிடுதுன்னு வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகிவிச்சும் 1960-ல் காட்டினாங்க. தீர்ந்துபோனதை ஊசியில் ஏத்தினா சரியாப்போச்சே? ஆகாது. டோப்பமின் வாசல்ல நிக்கும், உள்ள விடாது. ஆனா டோப்பமினுக்கு ஒரு படி முந்தின பொருள் எல்-டோப்பா. அது பார்க்க ஒரு அமினோ அமிலம் மாதிரி இருக்கும். நாம சாப்பிடற புரதத்திலிருந்து வர்ற அமினோ அமிலங்களை மூளைக்குள்ள கூட்டிட்டுப் போக வாசல்ல ஒரு கடத்தி இருக்கு. எல்-டோப்பா அந்த வரிசையில் நின்னு சத்தமில்லாம உள்ள போயிடும். போனதும் மூளையே அதை டோப்பமினா மாத்திக்கும். 1961-ல் பிர்க்மையரும் ஹோர்னிகிவிச்சும் இதை நோயாளிகளின் நரம்பில் ஏத்தினப்ப, படுக்கையை விட்டு எழ முடியாதவங்க எழுந்து நடந்தாங்க.

எல்-டோப்பா புதுசா செஞ்ச பொருளும் கிடையாது. 1913-லேயே ஸ்விட்சர்லாந்தில் குக்கன்ஹைம்னு ஒருத்தர் ஒரு வகை அவரைக்கொட்டையிலிருந்து பிரிச்செடுத்து, தானே இரண்டரை கிராம் முழுங்கி, வாந்தி எடுத்துட்டு, பெரிசா ஒண்ணும் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தது இதுக்கு அடுத்த விஷயத்தைப் படிச்சப்பதான். 1937-ல் நம்ம மெட்ராஸில், தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோப்பாவைப் பிரிச்சு லண்டன் பயோகெமிக்கல் ஜர்னலில் கட்டுரை போட்டிருக்காங்க. ஆமாங்க, பட்டா அரிக்குமே அதே பூனைக்காலிதான். அது எதுக்கு உதவும்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் கழிச்சு அமெரிக்காவில் கோட்ஸியாஸ் டோப்பாவை வாய்வழியா, கொஞ்சம் கொஞ்சமா அளவை ஏத்திக் கொடுத்தா நோயாளிகள் தாங்கறாங்கன்னு காட்டினார். அதுதான் 1967. (சித்த மருத்துவத்தில் அப்பவே இருக்குன்னு பின்னூட்டம் வரப்போகுது, தெரியும். பூனைக்காலி இருக்கு. அளவு எவ்வளவுங்கறதுதான் கேள்வி. நீங்களா பொடி பண்ணி சாப்பிடாதீங்க.)

இன்னொரு அழகு பாருங்க. எல்-டோப்பாவை மட்டும் முழுங்கினா மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே வழியிலேயே முக்கால்வாசி டோப்பமினா மாறிடும். வாந்தி வரும், மருந்தும் வீண். அந்த மாற்றத்தைத் தடுக்க கார்பிடோப்பான்னு ஒண்ணைச் சேர்த்தாங்க. மூளைக்குள்ளயும் போய்த் தடுத்துட்டா என்ன பண்றது? போகாது. கார்பிடோப்பாவை வாசல் உள்ள விடாது. அதனாலதான் அது வெளியே மட்டும் தடுக்குது, உள்ள மாற்றம் ஒழுங்கா நடக்குது. எதிரியா நெனச்ச தடுப்பையே வேலைக்காரனா மாத்திட்டாங்க! அமெரிக்காவில் 1975-ல் இந்தக் கூட்டு மாத்திரை வந்தது. அத்தை சாப்பிடற சின்டோபாவும் இதே கூட்டுதான். ஐம்பது வருஷமாகியும் பார்க்கின்சனுக்கு இதைவிட நல்லா வேலை செய்யற மாத்திரை வரலை. இதுல நானோ கீனோ எதுவும் கிடையாது.

சரி, நம்ம நானோவுக்கு வருவோம்.

1960-களில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம், கொழுப்புப் பொருளைத் தண்ணியில் கலக்கினா அது தானாவே குட்டிக் குட்டிப் பந்துகளா மூடிக்கறதைப் பார்த்தார். லிப்போசோம். பந்துக்குள்ள மருந்தை வெச்சு அனுப்பலாமேன்னு 1971-ல் கிரகோரியாடிஸ் எலியில் முயற்சி பண்ணார். ஏத்தினதுல பெரும்பகுதி ஈரலும் மண்ணீரலும் அமுக்கிடுச்சு. ரத்தத்தில் அந்நியமா ஒரு துகள் மிதந்தா பிடிச்சுத் தின்னுறதுதானே அங்க இருக்கற செல்களோட வேலை. இந்தச் சண்டை இன்னிக்கு வரைக்கும் நடக்குது. துகளுக்கு மேல பாலிமர் முடி வளர்த்து ஒளிச்சு வெக்கறது, அளவைக் குறைக்கறது எல்லாம் இந்த ஈரலை ஏமாத்தத்தான். புற்றுநோயில் அது ஓரளவு பலிச்சு, 1995-ல் டாக்ஸில்னு லிப்போசோம் மருந்து வந்தது.

அதே 1995-ல் மூளைக்கும் ஒரு கட்டுரை. எழுதினவங்க ஃப்ராங்க்ஃபுர்ட்டின் யோர்க் க்ராய்டரும் அவரோட மாஸ்கோ நண்பர்களும். (லீனா ஸ்டெர்ன் வாழ்ந்த ஊர் மறுபடியும் வருது பாருங்க.) டலார்ஜின்னு ஒரு வலிநிவாரணி, ஆறு அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி. ரத்தத்தில் சும்மா ஏத்தினா மூளைக்குப் போகாது, வலியும் குறையாது. அதை ஒரு பாலிமர் துகளில் ஏத்தினாங்க. அந்தப் பாலிமர் வேற ஒண்ணுமில்லை, நம்ம ஃபெவிக்விக் இருக்கே, அதோட ஒண்ணுவிட்ட தம்பி. அதுக்கு மேல பாலிசார்பேட் 80-ன்னு ஒரு பூச்சு, ஐஸ்கிரீமில் போடறாங்களே அதேதான். இதை எலிக்கு ஏத்திட்டு வாலில் சூடு காட்டினா, எலி வாலை இழுக்க நேரமெடுத்துக்குது. வலி தெரியலை. மருந்து மூளைக்குள்ள போயிருக்கு!

அந்தச் சந்தோஷத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்க. நூறு வருஷமா திறக்காத வாசல் பசையும் ஐஸ்கிரீம் சரக்கும் சேர்ந்து திறந்தா?

1999-ல் பிரான்ஸிலிருந்து ஒரு குழு தண்ணி ஊத்தினாங்க. துகள் வாசலைத் தாண்டிப் போகலை, துகளோட நச்சுத்தன்மையால வாசலே உடைஞ்சிருக்குன்னு அவங்க வாதம். வீட்டுக்குள்ள போறதும் கதவை இடிக்கறதும் ஒண்ணா? க்ராய்டர் குழு விடலை, 2003-ல் பதில் கட்டுரை போட்டாங்க. அந்தச் சண்டையில் யார் முழுசா ஜெயிச்சாங்கன்னு கேட்டா, ரெண்டு பக்கக் கட்டுரையையும் படிச்ச எனக்கு, மதில்மேல் பூனைதான். ஆனா அந்தச் சண்டையிலிருந்து விழுந்த ஒரு விஷயம் பெரிசு. அந்தப் பாலிசார்பேட் பூச்சு வாசலை ஒண்ணும் பண்ணலை. அது ரத்தத்தில் இருக்கற அப்போ-ஈ ங்கற புரதத்தைத் தன்மேல ஒட்டிக்குதுன்னு க்ராய்டர் குழு 2002-ல் சொன்னாங்க. அப்போ-ஈ கொழுப்பைச் சுமந்துட்டுப் போற புரதம். அது மேல ஒட்டினதும் துகள் ஒரு கொழுப்பு உருண்டை மாதிரி வேஷம் கட்டிக்குது. கொழுப்புக்கான வாசல் அதை உள்ள விடுது.

அதாவது, நாம லேபில் என்ன டிசைன் பண்ணி அனுப்பினாலும், ரத்தத்தில் இறங்கின சில நிமிஷத்துல அதுக்கு மேல வேற சட்டை மாட்டிடுது. போற இடத்தைத் தீர்மானிக்கறது அந்தச் சட்டைதான், நாம இல்லை. (அல்சைமர் நோய்க்கு 1993-லிருந்து தெரிஞ்ச பெரிய மரபணு ஆபத்தும் இதே அப்போ-ஈ யோட ஒரு வகைதான். உடம்புக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி.)

கலிஃபோர்னியாவில் வில்லியம் பார்ட்ரிட்ஜ் வேற ரூட் பிடிச்சார். மூளைக்கு இரும்பு வேணும். அதை டிரான்ஸ்ஃபெரின் சுமந்துட்டு வரும், வாசல்ல அதைப் பிடிக்க ஒரு ஏற்பி இருக்கு. அந்த ஏற்பியில் ஒட்டற ஆன்டிபாடியை லிப்போசோம் மேல நட்டு, 1996-ல் எலிமூளைக்குள்ள மருந்து அனுப்பிக் காட்டினார். 2003-ல் அதே மாதிரி துகளில் மரபணுவையே வெச்சு, பார்க்கின்சன் வரவெச்ச எலிகளோட நடையைச் சரிபண்ணதாவும் கட்டுரை. பேப்பர்ல எலிகளிடம் வெற்றின்னு போடலாம், தப்பே இல்லை. ஆனா இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வகைத் துகள் எதுவும் பார்க்கின்சன் மருந்தா கடைக்கு வரலை.

ஏன்? ஒரு காரணம் எலி. பார்க்கின்சன் எலின்னு நாங்க சொல்றது, மூளையில் ஒரு நஞ்சைக் குத்தி, டோப்பமின் செல்களைச் சில நாளில் கொன்ன எலி. அத்தைக்கு வந்தது வருஷக் கணக்கா, வெளியே தெரியாம உள்ளுக்குள்ளேயே வளர்ந்த நோய். ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சது எங்க வசதிக்கு. இன்னொரு காரணம் கணக்கு. மூளை வேண்டாம், அதைவிட எளிதான கட்டிகளையே எடுத்துக்கோங்க. டொரான்டோவில் வாரன் சானின் குழு 2016-ல் பத்து வருஷக் கட்டுரைகளை அலசினாங்க. ஊசியில் ஏத்தின நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்றது நடுமதிப்பா 0.7 சதவீதம். நூத்துக்கு ஒண்ணுகூட இல்லை. அந்தக் கட்டுரை வந்தப்ப துறையில் நிறைய பேருக்குக் கோபம்னு எங்க கைடு சொல்வார். கோபம் வரத்தான் செய்யும், உண்மையாச்சே.

என் கதையையும் சொல்லிடறேன். போன மாசம் என் துகளில் ஒளிரும் சாயம் ஏத்தி எலிக்குக் கொடுத்தோம். கேமராவில் பார்த்தா ஈரல் தீபாவளி மாதிரி ஜொலிக்குது. மூளை இருக்கற இடம் கறுப்பு. 1885-ல் எர்லிக் பார்த்ததை, கிட்டத்தட்ட 140 வருஷம் கழிச்சு, லட்சக்கணக்கான யூரோ மெஷினில் நான் மறுபடியும் கண்டுபிடிச்சிருக்கேன். அவ்வ்வ்.

சரி, வாசலைச் சுத்திப் போன கோஷ்டி என்ன ஆனாங்க? ஜிடிஎன்எஃப்ங்கற புரதம் டோப்பமின் செல்களை வளர்க்கும்னு 1993-ல் கண்டுபிடிச்சாங்க. பெரிய புரதம், வாசல் விடவே விடாது. 2003-ல் பிரிஸ்டலில் மண்டையில் துளை போட்டு, மெல்லிய குழாயில் நேரா மூளைக்குள்ள ஏத்தினாங்க. அஞ்சே நோயாளிகள், அஞ்சு பேருக்கும் முன்னேற்றம். அடுத்து 34 பேரை வெச்சு நடந்த சோதனையில் போலி மருந்துக்கும் இதுக்கும் வித்தியாசம் வரலை. 2004-ல் கம்பெனி நிறுத்திடுச்சு. எங்களுக்கு நல்லா இருக்கு, நிறுத்தாதீங்கன்னு சில நோயாளிகள் கோர்ட்டுக்கே போனாங்க. ஜெயிக்கலை. 2019-ல் வெளிவந்த இன்னொரு பிரிஸ்டல் சோதனையும் முக்கிய இலக்கைத் தொடலை. மண்டையில் துளையோட வீட்டுக்குப் போனவங்களை நெனச்சா, அத்தைக்கு நான் குருட்டாம்போக்கில் ஒரு நம்பிக்கையை அனுப்ப விரல் வரலை.

ஆனா கொல்லைப்புற வழி வேற இடத்துல ஜெயிச்சது. முதுகுத்தண்டுத் தசைநலிவு வந்த குழந்தைகளுக்கு நுசினெர்சன், 2016-ல் அமெரிக்காவில் அனுமதி. ஒரு வகை ஏஎல்எஸ் நோய்க்கு டோஃபெர்சன், 2023-ல். ரெண்டையும் முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரில்தான் ஏத்தறாங்க. லீனா ஸ்டெர்ன் பின்மண்டையில் குத்தினார், இவங்க இடுப்புக்கிட்ட குத்தறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். துகள் எதுவும் இல்லை.

டிரான்ஸ்ஃபெரின் வாசலும் ஜெயிச்சது, அதுவும் துகள் இல்லாமலே. ஹன்டர் நோய்னு குழந்தைகளோட மூளையையும் சிதைக்கற ஒரு நொதிக் குறைபாடு. குறையற நொதியை டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிக்கான ஆன்டிபாடியோடவே ஒட்டித் தைச்சு, 2021-ல் ஜப்பானில் மருந்தா அனுமதிச்சாங்க. பார்ட்ரிட்ஜ் ஊகிச்ச வாசல் சரி, வண்டிதான் தேவைப்படலை.

அப்ப நரம்பு நோய்க்கு நானோ துகள் ஜெயிக்கவே இல்லையா? ஒண்ணு ஜெயிச்சது. என் ஈரல் போட்டோவுக்கு அப்புறம் அதைப் படிச்சப்ப சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. பட்டிசிரான். டிரான்ஸ்தைரெட்டின்னு ஒரு புரதம் மரபுக் கோளாறால மடிப்பு தப்பி, கை கால் நரம்பிலும் இதயத்திலும் படியற நோய். வந்தவங்களுக்குப் பாதம் மரத்துப்போய், நடை போய், உயிரும் போகும். அந்தப் புரதம் எங்க தயாராகுது? பெரும்பாலும் ஈரலில். மரபணுச் செய்தியை அணைக்கற ஆர்என்ஏ துண்டை ஒரு கொழுப்பு நானோ துகளில் வெச்சு ரத்தத்தில் ஏத்தறாங்க. துகள் மேல அப்போ-ஈ ஒட்டுது, ஈரல் செல்லின் கொழுப்பு வாசல் அதை உள்ள இழுக்குது. க்ராய்டர் மூளைக்கு டிக்கெட்னு நெனச்ச அதே அப்போ-ஈ! எல்லாரும் எந்த ஈரலை ஏமாத்தப் பாடுபட்டாங்களோ, இவங்க அந்த ஈரலையே போய்ச் சேர வேண்டிய இடமா வெச்சுக்கிட்டாங்க. 2018 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி. நரம்பு நோய்க்கு வந்த அந்த நானோ மருந்து, மூளை வாசல் பக்கமே போகலை.

தங்கத் துகள் பத்தியும் யாராவது கேப்பீங்க. குடிக்கற தங்க நானோ படிகத்தை ஏஎல்எஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2022-ல் வந்த முடிவில் முக்கிய இலக்கைத் தொடலை. தங்க பஸ்பம் விக்கறவங்க விளம்பரத்துல இந்தப் பாதி வராது.

நான் இந்தத் துறையை விட்டுட்டுப் போறேன்னு நினைச்சுடாதீங்க. துகளை மட்டும் அழகாக்கிட்டே இருந்தது போதும், வாசலைப் படிக்கறவங்ககிட்ட போய் உட்காரணும்னு தோணுது. தீசிஸ் முடிஞ்சதும் அந்த மாதிரி ஒரு குழுவுக்கு மெயில் போடலாம்னு இருக்கேன். அதுக்கு எங்க கைடுகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலை, அது வேற ஆணி.

அத்தைக்கு ராத்திரி போன் பண்ணேன். ஊர்ல விடிகாலை, காபி போட்டுக்கிட்டிருந்தாங்க.

"அத்தை, அந்தப் பேப்பர்ல வந்தது எலிக்குத்தான். உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. எப்பன்னு என்னால சொல்ல முடியாது அத்தை."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. டம்ளர் வெக்கற சத்தம் மட்டும் கேட்டது.

"நீயாவது உண்மையைச் சொன்னியே. இங்க எல்லாரும் அடுத்த வருஷம் வந்துரும் அடுத்த வருஷம் வந்துரும்ங்கறாங்க."

அப்புறம் நான் கேட்டேன், சின்டோபாவை எப்படிச் சாப்பிடறீங்கன்னு. மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச கையோடன்னாங்க. பருப்பு சாதம், தயிர் சாதம், ஞாயித்துக்கிழமைன்னா முட்டை, அதுக்கு மேல மாத்திரை. மூணு மணிக்குக் கை ரொம்ப ஆடுதுடா, மாத்திரை வேலையே செய்யறதில்லைன்னு வருத்தப்பட்டாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த அமினோ அமில வரிசைதான் காரணமா இருக்கும்! பருப்பும் தயிரும் முட்டையும் ஜீரணமாகி அதே வரிசையில் முட்டி மோதிக்கிட்டு நிக்கும்போது, எல்-டோப்பாவுக்கு உள்ள போக இடம் எங்க கிடைக்கும்? அதனாலதான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி மாத்திரையைப் போடச் சொல்வாங்க. அத்தைக்கு அதை யாரும் சொல்லலை, இல்லை சொன்னது அவசரத்துல காதில் விழலை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி போட்டுப் பாருங்க அத்தை. வெறும் வயித்துல குமட்டினா ரெண்டு பிஸ்கட்டோட."

"இவ்வளவுதானா? இதுக்கா ஜெர்மனி போய்ப் படிக்கறே?"

"கிட்டத்தட்ட, அத்தை."

"அப்ப தயிரு?"

"தயிர் அப்புறமா."

செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போறாங்க. சொல்றேன்.